செவுத்துத் திராட்சை

ஜீப்பிலிருந்து பட்டர் ஃப்ரூட் நாற்றுகள் இறங்கிய அன்று, பண்ணைக்காட்டில் ஆனி மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கறுப்புப் பைகளில் அறுபது நாற்று. அக்காவின் தம்பி அவற்றை இரண்டிரண்டாகத் தூக்கிவந்து, திராட்சைப் பந்தலின் கல்தூண்களை ஒட்டி வைத்துக்கொண்டே போனான். தூணுக்கு ஒன்று. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பந்தல் போகப்போகிறது, அந்த இடத்துக்கு இவை வந்துவிட்டன.

நான் அக்கா என்று சொல்வது தோட்டத்தின் சொந்தக்காரியை. ஐம்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வந்து, கொடைக்கானலில் ஒரு பங்களாவில் இருபத்திரண்டு வருடம் சமைத்தும் துடைத்தும் மிச்சம் பிடித்து, இங்கே ஒன்றேகால் ஏக்கர் வாங்கியவர். தம்பி இந்தப் பக்கமே பிறந்தவன். ஜீப் ஓட்டுவான், மருந்து அடிப்பான், வேலி கட்டுவான். நான் இரண்டு வருடமாக அங்கே தங்கி வேலை பார்ப்பவன். ஒரே இடத்தில் இரண்டு வருடம் என்பது எனக்கு அதிகம்.

மதியச் சாப்பாட்டில் பேச்சு வந்தது.

"நானும் ஒம்பது வருசமாப் பாக்குறேன்," என்றான் தம்பி. "பனி விழுந்தாப் பூஞ்சை. மழ பெஞ்சா வெடிப்பு. ரெண்டும் இல்லேன்னா காட்டுமாடு. பட்டர் ஃப்ரூட்டுன்னா லாரி வாசலுக்கே வருது. பக்கத்துத் தோட்டத்தப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன். சோத்தத் தின்னு."

"மருந்து டப்பாவத் தூக்குறது என் முதுகுதான."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வியாழக்கெழம அந்த ஒயினு கம்பெனி சார் வாராருல்ல. வந்து ருசி பாக்கட்டும். நாலு ரகத்துல ஒண்ண மட்டுமாவது வேணும்னு அவர் சொன்னா பந்தல் நிக்கட்டும். வேணாம்னு போயிட்டாருன்னா அருவாள நானே எடுத்துத் தாரேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கைகழுவிவிட்டு நேராகப் பந்தலின் கடைசி வரிசைக்குப் போய், அங்கே எந்த வேலையும் இல்லாமல் நின்றார்.

கடைசி வரிசைக்கு ஒரு கதை உண்டு. மற்ற மூன்று வரிசையும் நாற்றங்காலில் பெயர் சொல்லி வாங்கியவை: பன்னீர், ஷிராஸ், ஷெனின் பிளாங்க். பன்னீரை எல்லாருக்கும் தெரியும். மற்ற இரண்டும் ஒயினுக்கென்றே உள்ள சீமை ரகங்கள். கடைசி வரிசைக்குப் பெயர் இல்லை. அக்கா வேலை பார்த்த பங்களாவின் பின்சுவரில் ஒரு கிழட்டுக் கொடி படர்ந்திருந்ததாம். யார் நட்டது என்று அங்கே இருந்தவர்களுக்கே தெரியாது. கொடைக்கானல் குளிரில் அது பழுக்கவே பழுக்காது. பச்சையாகவே தொங்கி உதிர்ந்துவிடும். பங்களா கைமாறி, சுவரை இடிக்க ஆள் வந்த அன்று அக்கா ஒரு சாக்கு நிறையக் குச்சிகளை வெட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். கீழே பண்ணைக்காட்டு வெயிலில் பன்னிரண்டு குச்சி பிழைத்தது. சுவரில் கிடந்தது என்பதால் செவுத்துத் திராட்சை. பழம் சின்னது, தோல் தடித்தது, கொத்தில் நெருக்கமே இருக்காது. தின்றால் வாய் உலர்ந்துபோகும். சந்தைக்குக் கொண்டுபோனால் ஒருவரும் தொட மாட்டார்கள். அப்படியும் அக்கா அதை வெட்டவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றேன். கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் கொத்திலிருந்து அதிகப் பிஞ்சுகளைக் கழிக்கும் வேலை, பிறகு லாரியில் நாசிக். அங்கே அட்டைப்பெட்டிக் கொட்டகையில் படுக்கை. பூஞ்சைக்கு அடிக்கக் கந்தகம் கரைத்துக் கரைத்து இரண்டு கையும் தோல் உரிந்தது. ஒருமுறை மஞ்சள்காமாலை வந்து அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தேன். திரும்பிவந்தபோது தோட்டத்தில் என் இடத்துக்கு வேறு ஆள். ஆனால் அந்தத் தோட்டத்துக்காரர்களின் ஒயின் ருசி பார்க்கும் கூடத்தில் கண்ணாடிக் குவளை கழுவ ஆள் தேவைப்பட்டது. ஒட்டிக்கொண்டேன்.

அதுதான் எனக்கு அடித்த யோகம். குவளைகளின் அடியில் எப்போதும் ஒரு வாய் மிஞ்சும். யார் வாய் வைத்தது என்றெல்லாம் பார்க்கவில்லை. வாயில் விட்டு, சுழற்றி, தொட்டியில் துப்பிவிட்டுத்தான் கழுவுவேன். ஒரு நாளைக்கு நூறு குவளை என்றால் நூறு வாய். காலையில் குடித்த டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இருக்காது; நாக்கு மட்டும் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கும். நான் துப்புவதைக் கூடத்தின் மேலாளர் ஒருநாள் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "எது எதுன்னு சொல்லு பார்ப்போம்," என்று ஹிந்தியில் கேட்டார். ஐந்தில் நாலு சரி. அடுத்த வாரம் ஊற்றிக்கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்.

ஊற்றிக்கொடுப்பவன் பேச வேண்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு தாள், அதில் ஆங்கிலத்தில் வாசனைகளின் பட்டியல். பாதிப் பழங்களை நான் கண்ணால் கண்டதில்லை. போனில் அகராதி பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம், "இந்த வெள்ளை ஒயினில் நெல்லிக்காய் வாசம் வரும், கவனிச்சுப் பாருங்க" என்பேன். அவர்கள் கண்ணை மூடி மோந்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். எனக்கு அந்த வாசம் ஒருநாளும் வந்ததில்லை. என் மூக்கில்தான் குறை என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கிருந்து கர்நாடகம், பிறகு ஒரு வருடம் கேரளத்தில் ஏலக்காய், பிறகு மேலே கிளாவரைப் பக்கம் காரட் பிடுங்க வந்து, கீழே இறங்கும் ஜீப்பில் இந்தத் தம்பியைச் சந்தித்தேன். "எங்கக்காகிட்டத் திராட்ச இருக்கு, ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான்," என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். நானும் அவனோடு இறங்கிவிட்டேன்.

மாசி அறுவடையில் நாலு ரகத்தையும் தனித்தனியாகப் பிழிந்து ஊறப்போட்டோம். ஐந்து லிட்டர் கண்ணாடிச் சாடிகள் நாலு, மூடியில் ஓட்டை போட்டு மருந்துக்கடை டியூப், டியூப்பின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். நுரைத்து வரும் காற்று வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வராது. அக்காவுக்கு ஒயின் என்றால் கொடைக்கானலில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற இனிப்பு ஒயின். சர்க்கரை எங்கே, கிராம்பு எங்கே, கோதுமை எங்கே என்று சாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றுமே போடக் கூடாது என்றதும், "அப்ப இது ஒயினு இல்ல, புளிச்ச தண்ணி," என்று சொல்லிவிட்டார். ஆனால் பாட்டிலில் குமிழ் வரும் சத்தத்தைக் கேட்க அவர்தான் வெள்ளனே எழுந்து ஓடுவார்.

செவுத்துத் திராட்சைச் சாடியைப் பங்குனியில் ஒருமுறை ருசி பார்த்தேன். வாயை அடைக்கும் துவர்ப்பு, அதைத் தவிர வேறொன்றும் இல்லை. மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் தொடவில்லை. உண்மையைச் சொன்னால், வியாழக்கிழமைக்கு நான் நம்பியிருந்தது ஷிராஸைத்தான்.

வியாழக்கிழமை வரவிருந்த சார், கீழே சமவெளியில் ஒயின் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்காகத் தோட்டம் தோட்டமாகத் திராட்சை தேடி அலைபவர். நாசிக் காலத்துப் பழக்கத்தில் அவர் எண் என்னிடம் இருந்தது. நான்தான் போன் போட்டுக் கூப்பிட்டேன்.

ருசி பார்ப்பதற்கு நல்ல நேரம் காலை பத்து, பதினொரு மணி. வாய் சுத்தமாக இருக்கும், பசி லேசாகத் தொடங்கியிருக்கும். அன்று எட்டு மணிக்கு மேல் வீட்டில் காப்பி போடக் கூடாது, தாளிக்கக் கூடாது, சாம்பிராணி கூடாது, தலையில் பூ கூடாது என்று எல்லாவற்றையும் சொல்லிவைத்திருந்தேன். அக்கா தேத்தண்ணி இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சொன்னபடி நடந்தார். ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்துபோனேன்.

மழை ஈரத்தில் நாற்று இறக்கியதில் தம்பிக்குச் சளி. கொடைக்கானல்காரர்களுக்குச் சளி என்றால் ஒரே மருந்து, யூகலிப்டஸ் தைலம். நெற்றியில், மூக்கில், கழுத்தில், நெஞ்சில் என்று அரை பாட்டிலைத் தேய்த்துக்கொண்டு, சரியாகப் பத்தரைக்கு மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தான். சார் அப்போதுதான் தன் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய கண்ணாடிக் குவளையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"யாரு தைலம்?"

"நாந்தான் சார். சளி."

"நாலு ஒயினும் இப்ப தைலமாத்தான் இருக்கும்."

அக்கா தம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ஏலே, போயி குளி. சோப்பு ரெண்டு தடவ போடு. சுருக்கா வா." குளிர்ந்த தண்ணீரில் அவன் கத்துவது மேஜைவரை கேட்டது. திரும்பிவந்தபோது உதடு நீலம், மூக்கு இரண்டும் அடைப்பு. வாசம் போய்விட்டது. அவன் மூக்கும் அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டது.

சாடிகளிலிருந்து பாட்டிலில் ஊற்றித் தாள் சுற்றியது அவன்தான். நாலு பாட்டில், நாலு செய்தித்தாள், மேலே ஒன்று முதல் நாலுவரை எண். எது எந்த ரகம் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அப்படி ஏற்பாடு செய்தது நான். பந்தல் விழ வேண்டும் என்று நினைப்பவன் சுற்றினால், ஒயினுக்குச் சாதகமாகச் சுற்றினான் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் மூவருக்கும் எவர்சில்வர் டம்ளர், சாருக்கு மட்டும் அவருடைய குவளை. டம்ளரில் நிறம் தெரியாது. நிறம் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். நடுவில் துப்புவதற்கு ஒரு வாளி, வாய் கொப்பளிக்க ஒரு குடம் தண்ணீர்.

"துப்பணுமா?" என்றான் தம்பி. "விருந்தாளிக்கு முன்னாடியா?"

"விருந்தாளியே துப்புவார்," என்றேன். சார் அதை உடனே செய்து காட்டினார். மெல்லிய கோடாக, சத்தமில்லாமல், வாளியின் நடுவில். தம்பிக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த நொடியில்தான்.

ஒன்றாம் பாட்டில். மோந்ததுமே ஷெனின் பிளாங்க் என்று தெரிந்துவிட்டது. கொடைக்கானல் பேரிக்காயை நறுக்கி வைத்தால் முதலில் வருமே, அந்த ஈர வாசம். பின்னாலேயே கொய்யா. நாக்கின் இரண்டு ஓரத்திலும் புளிப்பு துடித்தது. என் மனம் குதித்தது. சாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பழைய பாடத்தை எடுத்துவிட்டேன்.

"நெல்லிக்காய் வருது சார்."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "நெல்லிக்காயா?"

"கூஸ்பெரி சார்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அதை நிறுத்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கூஸ்பெரின்னு அவங்க எழுதுறது நம்ம நெல்லிக்காய் இல்லீங்க. அது வேற காய். குளிர் நாட்டுல முள்ளுச் செடியில காய்க்கும்." போனில் படத்தைக் காட்டினார். பச்சையாக, கோடு கோடாக, உள்ளே விதை தெரிகிற மாதிரி ஒரு காய். நான் அதை வாழ்க்கையில் பார்த்ததில்லை.

நாசிக்கில் கண்ணை மூடித் தலையாட்டிய அத்தனை பேரும் நினைவில் வந்துபோனார்கள்.

"அப்ப ரெண்டு வருசமா எங்களுக்கும் இல்லாத காயத்தான் காட்டுனியா?" என்றார் அக்கா.

"அகராதி அப்படித்தாங்க்கா சொல்லுச்சு."

"அகராதி குடிச்சுப் பாத்துச்சா?"

தம்பி சிரித்து, அது இருமலில் முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். சார் ஒயினைப் பற்றிச் சொன்னது அதைவிட வலித்தது. "சுத்தமா வந்திருக்கு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா இதுக்காக மலை ஏறி வரணுமா? நாசிக்கில டன் கணக்கா கிடைக்குது."

இரண்டாவது, பன்னீர். மறைக்கவே முடியாது. கல்யாண மண்டப வாசலில் தெளிப்பார்களே, அப்படியே அது. அதற்கடியில் பழனிப் பஞ்சாமிர்தம் மாதிரி வாழைப்பழமும் வெல்லமும் கலந்த ஒரு கனம். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. துப்பாமல் விழுங்கிவிட்டார். சார் ஒருமுறைதான் மோந்தார். "கம்பத்துல இதைவிட்டா வேற என்ன விளையுது," என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது டம்ளரை எடுத்தேன். ஷிராஸ். ஷிராஸில் மிளகு வாசம் வரும் என்பது தாளில் படித்தது மட்டுமல்ல. அதை என் மூக்கே சொல்லும். அன்றும் வந்தது. இருக்கு சார், மிளகு இருக்கு, என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"மொளகுதான். ஆனா காஞ்ச மொளகு இல்லீங்க. கொடியில கெடக்கிற பச்ச மொளகக் கசக்குனா வருமே, அது."

சார் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மறுபடி மோந்தார். "சரியாச் சொன்னீங்கம்மா. பழம் பழுக்கல. பனி மூடுற எடத்துல இது இப்படித்தான் நிக்கும்." குவளையை வாளியில் கவிழ்த்தார்.

நான் நம்பியிருந்தது அதோடு போயிற்று. பந்தலைப் பார்த்தேன். தூணுக்கொரு நாற்று, இலையில் மழைத்துளி, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. நாலாம் பாட்டிலை அவரே எடுத்து அவரே ஊற்றினார்.

மோந்தேன். ஒன்றும் இல்லை. நனைந்த கல்லில் முகத்தை வைத்த மாதிரி இருந்தது. சாரும் குவளையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். வாயில் விட்டதும் துவர்ப்பு நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. பங்குனியில் இருந்த அந்த முரட்டுத் துவர்ப்பு இல்லை. இது பட்டுத்துணி மாதிரி வழவழப்பாகிவிட்டிருந்தது. அதற்குள்ளே ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது. எனக்கு அது என்ன என்று தெரிந்தே தெரிந்தது. நாக்கு நுனிவரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் பதினைந்து நிமிடம் முன்னால் அந்தச் சொல்லுக்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். விழுங்கிக்கொண்டேன்.

"நாவப்பழமா?" என்றார் அக்கா, பாதி சந்தேகமாக.

"வாயக் கட்டுதுப்பா," என்று தம்பி குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். குடித்தவன் நின்றான். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். மறுபடி ஒரு வாய். "தண்ணியில என்னத்தப் போட்டீங்க?"

"என்னத்தப் போட்டோம்?"

"இனிக்குது."

"சளியில நாக்கும் போயிருச்சா ஒனக்கு?"

"விளையாடலக்கா. குடிச்சுப் பாரு."

அக்கா குடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டினார். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே இனித்தது. பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் தின்றுவிட்டுக் குழாயில் வாய் வைத்துக் குடிப்போமே, அதே இனிப்பு. சாருக்கும் அக்காவுக்கும் எனக்கும் மூக்கு வேலை செய்ததால், நாங்கள் மோந்து மோந்து பேரிக்காயையும் மிளகையும் தேடிக்கொண்டிருந்தோம். மூக்கடைத்த அவனுக்கு மட்டும்தான் அன்று நாக்கைத் தவிர வேறு துணை இல்லை.

சார் நம்பவில்லை. தன் பையிலிருந்த புதுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார். முதலில் வெறும் தண்ணீர் குடித்தார். பிறகு மூன்றாம் பாட்டில் ஒரு வாய், தண்ணீர் ஒரு வாய். தலையை ஆட்டி இல்லை என்றார். பிறகு நாலாவது ஒரு வாய், தண்ணீர் ஒரு வாய். கண்ணை மூடினார். இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை. நாங்கள் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப சொல்லுங்க," என்று என்னிடம் திரும்பினார். "அப்ப தப்பாச் சொன்னத இப்ப சொல்லுங்க."

"நெல்லிக்காய் சார்."

"நெல்லிக்காய்தான்," என்றார். "ஒயின்ல இத நான் பார்த்ததில்ல. துவர்ப்பு முடிஞ்ச பிறகுதான் ஆரம்பிக்குது. இது என்ன ரகம்?"

நானும் அக்காவும் தம்பியைப் பார்த்தோம். தாளைப் பிரிக்க வேண்டியவன் அவன். ஒரு கணம் அவன் கை பாட்டில்மேல் அப்படியே இருந்தது. அந்தக் கணத்தில் அவன் என்ன நினைத்தான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஷெனின் என்றோ ஷிராஸ் என்றோ பேச்சை மாற்றிவிட்டிருந்தால் சார் குழம்பியிருப்பார், நாங்களும் வாதாடிக்கொண்டே இருந்திருப்போம். தாளைக் கிழித்தான்.

"செவுத்துத் திராட்ச சார். எங்கக்கா பஸ்ல தூக்கிட்டு வந்தது. பேரெல்லாம் கெடையாது."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குளிர் என்றார்.

சார் எழுந்து கடைசி வரிசைக்குப் போனார். இலையைத் திருப்பிப் பார்த்தார், போனில் படம் எடுத்தார், தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டினார். தனக்கு எந்த ரகம் என்று தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு, கேட்காத மாதிரி கேட்டார்: "கவாத்து பண்ணும்போது ஒரு கட்டுக் குச்சி குடுங்கம்மா. கீழே எங்க எடத்துல வச்சுப் பாக்குறோம்."

ஒரு நிமிடம் முன்புவரை, இவர் எதைக் கேட்டாலும் அக்கா கொடுத்திருப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குச்சி மலையிறங்கிவிட்டால் அடுத்த வருடம் இந்தப் பன்னிரண்டு கொடியைத் தேடி யார் வருவார்?

"பழம் கேளுங்க சார், தாரேன்," என்றார் அக்கா. "குச்சி கேக்காதீங்க."

"ரெண்டு குச்சி."

"ஒத்தக் குச்சியும் இல்ல. சமையக்கட்டுல நின்ன காலுக்கு அது ஒண்ணுதான் மிஞ்சுச்சு."

சார் சிரித்தார். இந்த முறை சீக்கிரமே நிறுத்திக்கொண்டார். அடுத்த அறுவடையில் எவ்வளவு வந்தாலும் தானே எடுத்துக்கொள்வதாகவும், வேறு யாரிடமும் பேச வேண்டாம் என்றும் சொன்னார். தம்பி விடவில்லை. "வாயால சொன்னா எங்களுக்குக் காது கேக்காது சார், சளி. எழுதிக் குடுங்க." குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்திரம் ஒன்றும் இல்லை. நாளைக்கு அவர் வேலை மாறிப் போகலாம். நிறுவனம் வேண்டாம் என்றுவிடலாம். அது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் சார் வேணும் என்று சொல்லிவிட்டார். பந்தயம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, தம்பி கடப்பாரையோடு பந்தலுக்குள் நின்றான். ஓடினேன். அவன் நின்றது ஷிராஸ் வரிசையில்.

"இது போகட்டும்," என்றான். "அந்த வெள்ள ஷெனினும் போகட்டும். அறுபது நாத்தையும் நான் எங்க கொண்டு போயிக் கொட்டுறது?"

"பன்னீரு?" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல்.

"பன்னீரும்தான்."

"பன்னீரு என் நாக்குக்கு. அதத் தொட்டீன்னா ஒனக்குச் சோறு கெடையாது."

சண்டை அரைமணி நேரம் நடந்தது. முடிவில் இரண்டு வரிசை அவனுக்கு, இரண்டு வரிசை அக்காவுக்கு. செவுத்துத் திராட்சையை ஒட்டிப் பத்தடி இடம் காலியாக விடுவது என்றும் ஆயிற்று. ஐப்பசியில் கவாத்து பண்ணி, விழும் குச்சிகளை அங்கே ஊன்ற வேண்டும். எத்தனை குச்சி கிடைக்கும் என்று அக்கா கேட்டார். கொடியைத் தூக்கிப் பிடித்துக் கணுவை எண்ணத் தொடங்கினேன். ஐப்பசிக்கு நாலு மாதம் இருக்கிறது. அதுவரை நான் இங்கே இருப்பேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் கொடியிலேயே நாற்பதைத் தாண்டியது.

"வெரசா எண்ணு," என்றான் தம்பி. ஷிராஸ் வேரின்கீழ் கடப்பாரையைச் செருகிவிட்டுத் தன் பக்கத்தைக் காட்டினான். "எண்ணிட்டு இந்தப் பக்கம் வந்து பிடி. ஒத்த ஆளுக்கு வேரு வர மாட்டேங்குது."